மோனே இலை பறிக்கச் சொன்ன பள்ளத்தாக்கு

முதல் நாள், வியாழக்கிழமை இரவு

காலையில் பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினேன். லிமோஜ் வழியாகத் துலூஸ் போகும் பழைய பாதை. ஆர்லியான் வரை வயல், அதைத் தாண்டியும் வயல், பாய் விரித்த மாதிரி தட்டையான பூமி. அர்ஜான்தோன் ஊரருகே க்ரூஸ் ஆற்றைக் கடந்த பிறகுதான் தரை மடிய ஆரம்பிக்கிறது. வயல்கள் சிறுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி உயிர்வேலி வந்துவிடுகிறது. வேலிக்குள் புல், புல்லில் செம்பழுப்பு நிற லிமூசன் மாடுகள். பிரான்ஸின் நடுவே கிடக்கும் பெரிய மலைத்தொகுதியான மாசிஃப் சென்ட்ரலின் வடக்கு விளிம்பு இங்கேதான் தொடங்குகிறது. மலை என்று சொன்னாலும் சிகரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு உயர்ந்து நின்ற மலைகள் தேய்ந்து தேய்ந்து பீடபூமியாகிவிட்டன. மிச்சம் இருப்பது அவற்றின் அடிவாரக் கல்தான், கிரானைட்டும் நைஸும் அபிரகப் பாறையும்.

லா சூத்தெரென் நிலையத்தில் இறங்கினேன். ஊர்ப் பெயருக்கு ‘நிலத்தடியில் உள்ளது’ என்று பொருள், இங்குள்ள பெரிய தேவாலயத்துக்கு அடியில் நிலவறை இருக்கிறது. அறை வாடகைக்குத் தரும் அம்மா காரோடு வந்து காத்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். “ஃபிரெஸ்லீனுக்கு இந்த நேரத்தில் பஸ் கிடையாது, அதனால் நானே வந்துவிட்டேன்” என்றார். வழியில் டன்-லெ-பலெஸ்தெல் என்ற சிறு ஊரில் நிறுத்தி ரொட்டி வாங்கிக்கொண்டார்.

நான் வந்திருக்கும் ஃபிரெஸ்லீன் ஒரு கொம்யூன். நம் ஊர் கிராமப் பஞ்சாயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரியும். 1789 புரட்சியை ஒட்டி, அதுவரை இருந்த தேவாலயப் பங்குகளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்ட ஆட்சி அலகு இது. நாடு முழுக்கச் சுமார் 35,000 இருக்கின்றன. பாரிஸ் மாநகரமும் ஒரு கொம்யூன், ஐநூறு பேர் அளவில் வாழும் இந்த ஊரும் ஒரு கொம்யூன். இரண்டுக்கும் மேயர் உண்டு, மன்றம் உண்டு, தேர்தல் உண்டு.

ஊர் அமைப்பைப் பற்றிக் காரிலேயே ஒரு பாடம் கிடைத்தது. “உங்கள் கிராமம் எவ்வளவு பெரியது?” என்று கேட்டேன். “என் கிராமத்தில் ஆறு வீடு” என்றார். எனக்கு விளங்கவில்லை. க்ரூஸ் மாவட்டத்தில் தேவாலயமும் மேயர் அலுவலகமும் இருக்கும் நடு இடத்தைத்தான் ‘பூர்’ என்கிறார்கள். அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் நாலு வீடு, ஆறு வீடு, பத்து வீடு கொண்ட குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ‘வில்லாஜ்’. மற்ற பகுதிகளில் கிராமம் என்றால் முழு ஊர். இங்கே கொம்யூன் ஒன்றுக்குள்ளேயே பல கிராமங்கள் அடங்கும். எங்கே ஊற்று இருந்ததோ அங்கே நாலு வீடு எழுந்தது. கிரானைட் நிலத்தில் ஊற்றுகள் சிறியவை, ஆனால் நிறைய. அதனால் வீடுகளும் ஒரே இடத்தில் குவியாமல் பரந்து நிற்கின்றன.

சரி, ஏன் இந்த ஊர்? பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் மோனே 1889இல் வரைந்த இரண்டு க்ரூஸ் படங்கள் உள்ளன. அவருடைய புகழ்பெற்ற தாமரைக் குளப் படங்களைப் பார்க்கப் போன நான் அவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். மொட்டையான குன்றுகள், நடுவில் இருண்ட ஆறு, சரிவெங்கும் செந்நிறமும் ஊதாவும். மரமே இல்லை. அந்த மொட்டைக் குன்றுகளை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே இருட்டு. ஒரு விளக்குகூடக் கண்ணில் படவில்லை.


இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் பூருக்கு நடந்தேன். தேவாலயம், மேயர் அலுவலகம், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவுத்தூண். ஐநூறு பேர் வாழும் ஊருக்கு அந்தப் பெயர்ப் பட்டியல் மிக நீளம். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

தேவாலயச் சுவரில் புகழ்பெற்ற சிற்பி ரோதென் செய்த புடைப்புச் சிற்பம் இருக்கிறது. 1906இல் கவிஞர் மொரீஸ் ரோலினாவின் நினைவாக வைத்தது. இவ்வளவு சிறிய ஊரில் ரோதெனின் வேலைப்பாடு, பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை. மழையும் வெயிலும் அதன் மேல்தான் விழுகின்றன. இந்த ரோலினா பாரிஸின் ‘ஷா நுவார்’ விடுதியில் தன் கவிதைகளைத் தானே இசையமைத்துப் பியானோ வாசித்துப் பாடிப் புகழ்பெற்றவர். புகழ் உச்சியில் இருந்தபோதே, 1883இல், நகரத்தை விட்டு இங்கே வந்துவிட்டார். 1903இல் இறக்கும் வரை இந்த ஊர்தான் அவருக்கு வீடு.

அவரைப் பார்க்கத்தான் 1889 பிப்ரவரியில் மோனே முதல்முறை வந்தார். கலை விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ருவா அழைத்து வந்தார். சில நாளில் திரும்பிப்போன மோனே மார்ச்சில் வண்ணங்களோடு மறுபடி வந்து, மே மாத நடு வரை ஊர்ச் சத்திரத்தில் தங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கே பிறந்தன.

பூரிலிருந்து கூடுதுறைக்குப் பாதை இறங்குகிறது. முதலில் மேய்ச்சல் நிலம், பிறகு திடீரென்று சரிவு. பீடபூமியில் நடக்கும்போது கீழே ஆறு இருப்பதற்கான அறிகுறியே இல்லை. பத்தடி முன்னால் தரை தீர்ந்துபோகும்போதுதான் தெரிகிறது. ‘க்ரூஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குழிவானது, ஆழமானது என்று பொருள். இங்கே நின்று பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

இவ்வளவு கெட்டியான பாறையில் ஆறு ஏன் பாம்பு மாதிரி வளைகிறது என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. சமவெளியில் ஓடும் ஆறு வளையும், அது இயல்பு. மலையில் ஓடும் ஆறு நேராகப் பாயும் அல்லவா? விடை நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. இந்தப் பீடபூமி தேய்ந்து தட்டையாகக் கிடந்த காலத்தில் ஆறு அதன்மேல் சாவகாசமாக வளைந்து ஓடியது. பிறகு, தூரத்தில் ஆல்ப்ஸ் மலைகள் எழுந்த காலத்தில், இந்தப் பழைய நிலமும் சற்றே தூக்கப்பட்டது. ஆறு தன் வளைவுகளை விடவில்லை. அதே தடத்திலேயே கீழே கீழே அறுத்துக்கொண்டு போனது. சமவெளி ஆறு ஒன்றின் உருவம் பாறைக்குள் அச்சாக இறங்கிவிட்டது.

கூடுதுறையை இங்கே ‘லேஸோ சாம்ப்லாந்த்’ என்கிறார்கள். தெற்கே மில்வாஷ் பீடபூமியில் 800 மீட்டருக்கும் மேலே பிறக்கும் பெரிய க்ரூஸும், கிழக்கிலிருந்து வரும் சின்ன க்ரூஸும் இங்கே சேர்கின்றன. இதற்குக் கீழே பெரியது சின்னது என்ற பேச்சு இல்லை, வெறும் க்ரூஸ்தான். அது வியென் ஆற்றில் கலந்து, வியென் லுவாரில் கலந்து, கடைசியில் அட்லாண்டிக் போகிறது. இரண்டு நீருக்கும் இன்று நிறம் வேறாக இருந்தது. பெரியது தேயிலைக் கஷாயம்போல் தெளிந்த பழுப்பு. சின்னதில் கொஞ்சம் மண் கலங்கியிருந்தது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டும் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. பாறை ஒன்றில் உட்கார்ந்து இதை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

ஆனால் என் மொட்டைக் குன்றுகள் எங்கே? சுற்றிலும் காடு. ஓக், செஸ்ட்நட், ஹேசல், அடர்ந்து தோளோடு தோள் நிற்கின்றன. மோனே வரைந்த அந்தப் பெரிய வளைவின் கோடு எனக்கு மனப்பாடம். கைப்பேசியில் படத்தை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நகர்ந்து பார்த்தேன். குன்றின் உச்சிக்கோடு பொருந்தியது. அதற்குக் கீழே எல்லாம் மரம். ஏப்ரல் கடைசி என்பதால் ஓக் மரங்கள் இப்போதுதான் துளிர்க்கின்றன, வெண்கல நிறத்தில், குழந்தையின் கை மாதிரி மடங்கிய இலைகள்.

இந்த ஓக் துளிர்தான் அன்று மோனேயை வாட்டியது. அவர் வரைய ஆரம்பித்தது குளிர்கால நிலத்தை. ஓயாமல் மழை. கைகள் வெடித்து வீங்கி, கையுறை போட்டுக்கொண்டு வரைந்தார். ஆறும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் பச்சையாக இருந்தது மறுநாள் மஞ்சளாகிறது, ஒரு நாள் வற்றிக் கிடந்தது அடுத்த நாள் வெள்ளமாகிறது என்று பின்னாளில் தன் மனைவியான ஆலிஸ் ஓஷ்தேக்கு எழுதிய கடிதங்களில் புலம்புகிறார். மே மாதம் வந்ததும் கூடுதுறையில் நின்ற கிழட்டு ஓக் துளிர்த்துவிட்டது. ஐந்து படங்களில் அந்த மரம் இருந்தது, மூன்றில் அதுதான் நாயகன். மொட்டை மரமாகத் தொடங்கிய படத்தை இலையோடு எப்படி முடிப்பது?

நிலத்துக்காரரிடம் பேசினார். 50 பிராங்க் தருகிறேன், இலைகளைப் பறித்துவிடலாமா என்று கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டார். அவ்வளவு உயரமான ஏணிகளை இந்தப் பள்ளத்துக்குள் இறக்குவதே பெரும்பாடு. இன்று வெறுங்கையோடு இறங்கும்போதே இரண்டு இடத்தில் வேரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு. ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் அந்த மரத்தில் ஏறி, ஒவ்வொரு கிளையாக இலையைப் பறித்துத் தந்தார்கள். வசந்தத்தின் நடுவே ஒரு மரம் மட்டும் குளிர்காலத்துக்குத் திரும்பியது.

பலரும் இதை ஓர் ஓவியரின் பிடிவாதக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இங்கே வந்த பிறகு வேறு மாதிரிப் படுகிறது. அந்த ஒரு மரத்துக்குத்தான் இலை பறிக்க வேண்டியிருந்தது. மற்ற சரிவுகள் ஏற்கெனவே மொட்டையாக இருந்தன. அவற்றை மொட்டையாக வைத்திருந்தது யார் என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது.


மூன்றாம் நாள், சனி

அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெரியவர் க்ரோசான் வரை காரில் கொண்டு விட்டார். ஆற்றோட்டத்தில் கீழ்த்திசையில், சிறிது தூரத்தில் இருக்கும் அடுத்த ஊர். செதெல் என்ற சிற்றாறு க்ரூஸில் சேரும் இடத்தில், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நீண்ட பாறை முனை. அதன் மேல் ஒரு கோட்டையின் இடிபாடுகள். மார்ஷ் பகுதியின் பிரபுக்கள், பின்னர் லூசின்யான் வம்சத்தார் வைத்திருந்தது. இங்கிலாந்து மன்னர் ஜானின் விதவை இசபெல், பத்தாம் ஹ்யூகு தெ லூசின்யானை மணந்து இந்தக் குடும்பத்துக்குள் வந்தவர். கோட்டைகளில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, அதனால் இதோடு விடுகிறேன். ஆனால் எதற்காக இந்த இடம் என்று கேட்டால் நிலப்படத்தைப் பார்த்தாலே போதும். மூன்று பக்கம் ஆறு வெட்டிய அகழி, நாலாவது பக்கம் மட்டும் காவல் காத்தால் சரி.

நான் பார்க்க வந்தது நீரை. ஃபிரெஸ்லீனில் பாறைகளுக்கு நடுவே சத்தத்தோடு ஓடுகிற அதே ஆறு, க்ரோசானுக்கு வந்ததும் சத்தமே இல்லாமல் ஆகிவிடுகிறது. அகன்று, பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. காரணம் கீழே இருக்கும் எகுசோன் அணை. 1926இல் திறந்தார்கள். 61 மீட்டர் உயரம். கட்டி முடித்தபோது ஐரோப்பாவிலேயே பெரிய அணைகளில் ஒன்று. பாரிஸிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதைக்கு மின்சாரம் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. வியாழக்கிழமை நான் ஏறி வந்த பாதை அதுதான். இந்தப் பள்ளத்தாக்கின் சத்தம் போய், அந்த ரயிலுக்கு மின்சாரம் வந்திருக்கிறது. அணையின் நீர்த்தேக்கம் 300 எக்டேருக்கு மேல். அதன் வால் க்ரோசான் வரை எட்டுகிறது, ஃபிரெஸ்லீனைத் தொடுவதில்லை. மோனேயின் ஆறு தப்பிவிட்டது. க்ரோசானில் வரைந்தவர்களின் ஆறு மூழ்கிவிட்டது.

அவர்களில் ஆர்மான் கியோமன் முக்கியமானவர். மோனேயைப் போலவே, மாறும் ஒளியை வெளியில் நின்று வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களில், வறுமை நெடுநாள் துரத்தியவர்களில் ஒருவர். அரசுப் பொதுப்பணியில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1891இல் லாட்டரியில் 1,00,000 பிராங்க் விழுந்தது. வேலையை விட்டார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வந்து வந்து வரைந்தார். செதெல் பள்ளத்தாக்கு, ஆற்றோர ஆலைகள், உறைபனி படிந்த காலை, பூத்த குன்றுகள். அவருக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் வந்திருக்கிறார்கள், அதனால் இதை ‘ஓவியர் பள்ளத்தாக்கு’ என்றே அழைக்கிறார்கள். அவர்கள் தங்கிய லெப்பினா விடுதி இப்போது காட்சிக்கூடமாக இருக்கிறது.

அங்கே கியோமன் படங்களின் நகல்கள் முன்னால் நின்றபோது என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. குன்றுச் சரிவெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம் விரிந்திருக்கிறது. அது ஓவியரின் கற்பனை இல்லை. ‘ப்ரூயேர்’ என்று இங்கே சொல்லும் முழங்கால் உயரக் குறும்புதர் பூத்தால் அந்த நிறம்தான். அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள். ஆடு மேய்ந்த நிலத்தில்தான் ப்ரூயேர் நிற்கும். ஆடு ஓக் கன்றைக் கடித்துவிடும், ப்ரூயேருக்கு வெயில் கிடைக்கும். மாட்டுத் தொழுவத்தில் பரப்புவதற்காக மக்கள் அந்தப் புதரையும் அறுத்துப் போவார்கள், அது மறுபடி துளிர்க்கும். கூட்டமாக இதைச் செய்துகொண்டே இருந்தால் குன்று மொட்டையாக இருக்கும். நிறுத்தினால் முதலில் ப்ரூம் செடி, பின் பிர்ச், பின் ஓக் என்று வரிசையாக ஏறிவிடும்.

அப்படியானால் ஆடும் ஆளும் எங்கே போனார்கள்?

திரும்பி வரும் வழியில் பெரியவரிடம் கேட்டேன். ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து, வடக்கே காட்டினார். “பாரிஸுக்கு.”


நான்காம் நாள், ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. அம்மா மதியத்துக்கு உருளைக்கிழங்குப் பாத்தே செய்தார். மெல்லிசாக வெட்டிய உருளைக்கிழங்கு, பூண்டு, பார்ஸ்லி, எல்லாம் மாவுக்குள் மூடி அடுப்பில். வெந்து வந்ததும் மேல்மூடியில் வெட்டிய ஓட்டை வழியாகக் க்ரீமை ஊற்றி, மறுபடி கொஞ்ச நேரம் உள்ளே வைக்கிறார். கிழங்கு அதைக் குடித்துவிடுகிறது. கோதுமை அதிகம் விளையாத அமிலக் கிரானைட் மண்ணில் கிழங்கும் செஸ்ட்நட்டும் ரை என்ற தானியமும்தான் நெடுநாள் வயிறு நிரப்பியிருக்கின்றன. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தோம். பிரான்ஸின் நிலவரைபடத் துறை, பழைய வான்படங்களையும் இன்றைய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. இடப்பக்கம் 1950களின் கறுப்பு வெள்ளைப் படம், வலப்பக்கம் இன்றைய படம், நடுவில் இழுக்கும் கோடு. ஃபிரெஸ்லீனின் ஆற்றுவளைவை வைத்துக் கோட்டை இழுத்தேன். இடப்பக்கம் வேலிகள் வலைபோல நெருக்கமாக, சரிவுகளில் வெளிறிய திட்டுகள். வலப்பக்கம் வேலிகள் குறைந்து வயல்கள் பெரிதாகிவிட்டன, சரிவுகள் ஒரே கரும்பச்சை. அம்மா எழுந்து கண்ணாடியை எடுத்து வந்தார். திரையில் ஒரு வெளிறிய திட்டைத் தொட்டு, “இங்கே என் பாட்டி ஆடு மேய்த்தாள். இப்போது உள்ளே நுழையவே முடியாது” என்றார். பிறகு ரொம்ப நேரம் அந்தக் கோட்டை அவரே இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆள் போன கதை நீளமானது. க்ரூஸ் மாவட்டம் பல நூற்றாண்டுகளாகக் கொத்தனார்களின் நாடு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள், குளிர்காலத்தில் திரும்புவார்கள். நடுவில் விதைப்பு, அறுப்பு, ஆடு, பிள்ளை எல்லாம் பெண்கள் பொறுப்பு. இந்த மாவட்டத்தின் சூப்ரெபோஸ் ஊரில் 1815இல் பிறந்த மார்த்தென் நதோ, 1830 மார்ச்சில், 14 வயதில் அப்பாவோடு அப்படிக் கிளம்பியவர். ஆர்லியான் வரை நடை, அங்கிருந்து வண்டி. சித்தாளாகத் தொடங்கி, பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். கட்டட வேலை நன்றாக நடந்தால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் பழமொழி அவர் 1850இல் பேசிய பேச்சிலிருந்து வந்தது. பாரிஸின் கல் முகப்புகளைப் பார்த்து வியக்கிறோமே, அவற்றில் எத்தனையோ இந்தச் சரிவுகளிலிருந்து நடந்து போன கைகள் எழுப்பியவை. பாரிஸில் தினமும் அந்தத் தெருக்களில் நடக்கிறேன், இதுவரை எனக்கு இது தோன்றியதே இல்லை.

1856இல் ரயில் வந்தது. அதுவரை போய்த் திரும்பியவர்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பாரிஸையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம், வேலைக்குக் குறைவில்லை. அப்புறம் முதல் உலகப் போர். வெள்ளிக்கிழமை நான் வாசிக்க முடியாமல் நிறுத்திய அந்தப் பட்டியல். 1851இல் க்ரூஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,87,000. இன்று சுமார் 1,15,000. நூற்றெழுபது ஆண்டில் பாதிக்கும் கீழே.

மொழியும் இதோடு போனது என்றார் அம்மா. வடக்கின் பிரெஞ்சும் தெற்கின் ஒக்சித்தானும் ஒன்றோடொன்று கரைகிற பட்டை இது. நிலப்படத்தில் பிறை வடிவில் இருப்பதால் மொழியியலாளர்கள் ‘பிறை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பாட்டி ஆட்டை அந்த மொழியில்தான் அதட்டுவாராம். எப்படி என்று கேட்டேன். சொல்லிக் காட்டினார். ‘ச்ச’ வும் ‘ட்ட’ வும் கலந்த ஓர் ஒலி. ஆட்டுக்கான சொல் மட்டும் தன்னிடம் மிஞ்சியிருக்கிறது என்றார்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் க்ரூஸைப் பற்றி அரைகுறையாகச் சொன்னதாக ஆகும். 1962 முதல் 1984 வரை, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு பிரான்ஸ் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தது. தீவில் மக்கள் அதிகம், இங்கே கிராமங்கள் காலி என்று கணக்குப் போட்டார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். தலைநகர் கெரேயில் ஒரு விடுதியில் இறக்கி, அங்கிருந்து பண்ணைகளுக்கும் குடும்பங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். பெற்றோர் பலருக்குத் தாங்கள் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. பிள்ளைகள் படித்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். சிலர் நல்ல குடும்பத்தில் சேர்ந்தார்கள். சிலர் கூலியில்லாத பண்ணையாட்களாக வளர்ந்தார்கள். நாடு முழுக்கப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தாலும் ‘க்ரூஸின் குழந்தைகள்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

ரியூனியன், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததி நிறைய வாழும் தீவு. வெப்பத் தீவில் பிறந்த பிள்ளை ஒன்று, ஜனவரி மாதக் கெரேயில், பனியில் இறங்கி நின்றதை நினைக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆள் இல்லாத நிலத்தை ஆள் கொண்டு நிரப்ப வேண்டும் என்று எண்ணியவர்கள், அந்த ஆள் ஒரு குழந்தை என்பதை எண்ணவில்லை.

அம்மா இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “பள்ளியில் என் வகுப்பில் ஒருவன் இருந்தான். நன்றாக ஓடுவான்” என்றார். அவ்வளவுதான்.

மழை மாலை வரை விடவில்லை.


ஐந்தாம் நாள், திங்கள்

விடியும்போது வானம் கழுவினாற்போல் இருந்தது. குயில் கூவியது, புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே இரண்டே அசையில். நடக்கத் தொடங்கினேன். லா ரோஷ்-ப்ளோன், வெர்வி, இந்தக் குடியிருப்புப் பெயர்கள் எல்லாம் மோனேயின் படத் தலைப்புகளில் உள்ளவை. உலகின் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் எழுதியிருக்கும் பெயர்கள் இங்கே சாலையோரச் சிறு பலகைகளில் இருக்கின்றன. லா ரோஷ்-ப்ளோனில் ஒரு நாய் வேலி வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. மனிதர் யாரையும் காணவில்லை.

வெர்வியில் ஆற்றுக்கு அருகே இறங்கி நின்றேன். மழையில் நீர் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்த மாதிரிப் பாறைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன, தேயிலைக் கஷாய நிறம் போய்ச் சேற்று மஞ்சள் வந்திருந்தது. மூன்றே நாளில் இப்படி. மோனேயின் கடிதப் புலம்பலுக்கு இதைவிட நல்ல உரை எதுவும் இல்லை. அவர் இங்கே ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், காலை, மதியம், மாலை, மேகம், வெயில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். இதே முறையில் அவர் வரைந்த வைக்கோல்போர்ப் படங்களும் ரூஆன் தேவாலயப் படங்களும் அதற்குப் பிறகு வந்தவை. அந்தப் பழக்கம் இந்த ஆற்றோரம் உறுதிப்பட்டது என்று நினைக்கிறேன். ஒரு நிலத்துக்கு ஒரு முகம் போதாது என்பதை இந்த ஆறு வலுக்கட்டாயமாகக் கற்றுக்கொடுத்திருக்கும்.

கூடுதுறையின் பாறைக் குன்றை மட்டும் வரைந்த படம் ஒன்று உண்டு. வானம் ஒரு கீற்று, மற்றதெல்லாம் பாறை. அதை மோனே நண்பர் கிளமான்சோவுக்குக் கொடுத்தார். பிறகு பிரான்ஸின் பிரதமரான அதே கிளமான்சோ. அந்தப் பாறையைத் தேடி மேலேறினேன். இப்போது அதன் மேல் ஐவி படர்ந்து, ஓக் வேர்கள் பிளவுகளில் இறங்கி, அடையாளமே தெரியவில்லை. இதுவாக இருக்கலாம் என்று ஒன்றின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் சூடு, பின்பக்கம் ஈரம்.

திரும்பும்போது மேட்டில் ரம்பச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை காரோட்டிய பெரியவர். ஆற்றைப் பார்த்த சரிவில் அவருக்கு ஒரு துண்டு நிலம், முக்கால் ஏக்கர் இருக்கும். அந்த ஒரு துண்டு மட்டும் திறந்து கிடந்தது. முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சைப் புதர், நடுநடுவே வெட்டிய ஓக் கன்றுகளின் அடிக்கட்டைகள், பத்துப் பன்னிரண்டு ஆடுகள். புதரைக் குனிந்து பார்த்தேன். ப்ரூயேர்தான். போன ஆண்டுப் பூக்கள் காய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதில் வருமானம் ஒன்றும் இல்லை” என்று அவரே தொடங்கினார். “ஒவ்வொரு குளிர்காலமும் கன்றுகளை வெட்டுகிறேன். ஒரு வருடம் விட்டால் இடுப்பளவு, ஐந்து வருடம் விட்டால் நான் உள்ளே போக முடியாது.”

“எப்போது பூக்கும்?”

“ஆகஸ்டில் வாருங்கள்.”

அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரிந்தது. நான்கு நாளாக மரங்களுக்கு இடையே துண்டு துண்டாகப் பார்த்த வளைவு, முதல்முறையாக முழுசாக. மார்மொத்தான் படத்தில் இருக்கும் அதே கோணம் இல்லை. ஆனால் அதே அகலம், அதே இருட்டு, அதே திடீர் வெளிச்சம்.

ஆடு ஒன்று வேலிக் கம்பியைத் தள்ளித் தள்ளி ஒரு முளைக்குச்சியைச் சாய்த்துவிட்டிருந்தது. பெரியவர் சுத்தியலை எடுத்தார். கம்பிச் சுருளின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, “கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், மதாம்” என்றார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கைப்பையைப் புதர் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன்.